பின்வரிசைக்கு ஒரு பாஷை

இந்தப் பருவத்தில் நம் உதைபந்தாட்டக் கழகத்தின் பின்வரிசைக்குப் புதிய ஆட்கள் வந்திருக்கிறீர்கள் என்று செயலாளர் சொன்னார். எல்லோருமே முன்வரிசையில் ஆட ஆசைப்பட்டு, அங்கே இடமில்லாமல் பின்னுக்கு அனுப்பப்பட்டவர்களாம். அதனால் கொஞ்சம் முகம் வாடியிருக்கிறீர்களாம். கவலை வேண்டாம். நானும் அப்படித்தான் வந்தேன். தடுப்பாட்டக்காரனாக வேண்டும் என்று கனவு கண்டு சப்பாத்து வாங்கிய ஒருவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என்னைப் பின்னுக்கு அனுப்பியவர் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியர். "நீ பின்னால நில்லுடா. நல்ல ஒசரமா இருக்க. வர்றவன் ஒன்னப் பாத்தே பயந்துருவான்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஆடிவிட்டேன். என் உயரத்தைப் பார்த்துப் பயந்தவர்கள், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும்தான்.

பந்தை எப்படிப் பறிப்பது, தலையால் எப்படி அடிப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்றுவிப்பாளர் சொல்லித் தருவார். நான் சொல்ல வந்தது வேறு. எல்லாம் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே எல்லாம் பிழையாகிப்போகும் நேரம் ஒன்று வரும். அப்போது தலை என்ன செய்யும், வாய் என்ன செய்யும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் தலையைப் பற்றி.

நகர அணிக்காக நான் ஆடிய முதல் ஆட்டம் வஹகோட்டைப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. எதிரணியில் ஒன்பதாம் இலக்கச் சட்டை போட்ட ஒருவன் இருந்தான். பந்து காலில் பட்டால் கோல் என்று பெயரெடுத்தவன். எங்கள் அப்போதைய பயிற்றுவிப்பாளர் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னார்: "அந்த ஒம்பதாம் நம்பர்காரன விடாத. அவன் எங்க போறானோ நீயும் அங்க போ. வேற எதப் பத்தியும் யோசிக்காத. வெளங்குதா?"

விளங்கியது. அவன் இடது பக்கம் போனால் நானும் இடது பக்கம். அவன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினால் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனுக்குக் கணுக்கால் புரண்டுவிட்டது. நொண்டிக்கொண்டே கோட்டுக்கு வெளியே போய், அங்கே போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தான். நானும் போனேன். கதிரைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் பரிவோடு சிங்களத்தில் கேட்டான், தம்பி உனக்கும் காயமா என்று.

"இல்லை, உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. என் தோளுக்கு அப்பால் மைதானத்தைச் சுட்டிக்காட்டினான். திரும்பிப் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பஸ் போகும் அளவுக்கு வழி திறந்திருந்தது. அதன் ஊடாக அவர்களுடைய பதினொன்றாம் இலக்கக்காரன் தனியாக, அவசரமே இல்லாமல், பந்தை உருட்டிக்கொண்டு போய் கோல் போட்டான்.

"நீங்க சொன்னதத்தானே சேர் செஞ்சேன்" என்று பயிற்றுவிப்பாளரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். உத்தரவைக் கேட்பதோடு, அது எதற்காக வந்த உத்தரவு என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு இவ்வளவு போதும்.

இனி வாயைப் பற்றி. இதுதான் நீண்ட கதை. என் கடைசிப் பருவத்தில் நடந்தது.

அப்போது நான்தான் அணித்தலைவன். வலது முழங்கால் காலையில் ஒரு சத்தமும் மாலையில் வேறு சத்தமும் போட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பருவத்தோடு நிறுத்திவிடு என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனக்கு இடது கைப்பக்கம் சுனில். பல்லேகமவிலிருந்து வருகிற சிங்களப் பையன், வயல் வேலை செய்து உரம் ஏறிய உடம்பு. அவன் மோதினால் எதிரி மட்டுமல்ல, மத்தியஸ்தரும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார். எங்களுக்குப் பின்னால் கோல் காப்பாளர் ரிஸ்வி. மாத்தளை டவுனில் அவனுடைய வாப்பா நடத்தும் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவன். நாள் முழுக்க இரண்டு தகடுகளை வைத்து அடித்து அடித்து அவனுக்குக் கை வேகமாக இருக்கும், காது கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

எங்கள் பயிற்றுவிப்பாளர் ஓர் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடி ஓய்வுபெற்ற தடுப்பாட்டக்காரர். பெரிய கழகங்களில் அல்ல, சேறும் மழையும் உள்ள கீழ்ப்பிரிவுகளில் என்று அவரே சொல்வார். அவருடைய மனைவி மிளகு, சாதிக்காய் பற்றிய ஏதோ ஆராய்ச்சிக்காக மாத்தளைக்கு வந்தார். இவர் மனைவியின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். பலாபத்வலவில் வீடு எடுத்தார்கள். கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் மைதானத்தின் ஓரத்தில் வந்து நின்றார். மறுநாள் கோட்டுக்கு உள்ளே வந்து நின்றார். அதற்கடுத்த நாள் கத்தத் தொடங்கினார். யாரும் அவரை நியமிக்கவில்லை. ஆனால் அவரைப் போகச் சொல்லும் துணிச்சலும் யாருக்கும் இருக்கவில்லை.

அவருடைய மூக்கு இடது பக்கம் போகப் புறப்பட்டு, பாதி வழியில் மனம் மாறி வலது பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு தடவை உடைந்ததாம். ஆயுள் முழுக்க ஆடி அவர் அடித்த கோல்களை ஒரு கை விரலுக்குள் அடக்கிவிடலாம். அதில் பாதி தன் சொந்தக் கோலுக்குள்ளேயே அடித்தது என்று பெருமையாகச் சொல்வார்.

அவர் பேசுவதை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. நான் பகலில் வாசனைத் தோட்டம் ஒன்றில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தேன். அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் இவ்வளவுதான்: இது கறுவா, இது ஏலக்காய், இந்த எண்ணெய் முழங்கால் வலிக்கு நல்லது, இந்தத் தைலம் முடி வளர நல்லது, காசுக் கவுண்டர் அந்தப் பக்கம். இதை வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேயரின் உதைபந்தாட்ட ஞானத்தை நான் ஒரு பருவம் முழுக்க மொழிபெயர்த்தேன்.

அந்தப் பருவத்தில் வெற்றி மேல் வெற்றி. மேல்பிரிவுக்குப் போய்விடுவோம் என்ற நம்பிக்கை வந்தது. மேல்பிரிவு என்றால் எங்கள் இளம் ஆட்டக்காரர்களைக் கொழும்புக் கழகங்கள் வந்து பார்க்கும், சிலருக்கு வேலையே கிடைக்கும். எனக்கோ அது வேறு கணக்கு. அதற்கு முன் இரண்டு தடவை கடைசி ஆட்டத்தில் தோற்று, மேலே போகாமல் நின்றிருக்கிறோம். மூன்றாவது தடவையும் அப்படி நடந்து அதோடு நான் வீட்டுக்குப் போவதா?

அந்த நேரம் பார்த்துத்தான் ரிஸ்விக்கும் சுனிலுக்கும் சண்டை வந்தது.

ஓர் ஆட்டத்தில் உயரமான பந்து ஒன்று இரண்டு பேருக்கும் நடுவில் இறங்கியது. ரிஸ்வி கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். "விடு! விடு!" என்று கத்தினான். சுனில் விட்டான் ஓர் உதை. பந்து ரிஸ்வியின் வாயில் பட்டு, எங்கள் கோலுக்குள் போய் விழுந்தது.

"விடுன்னு செல்லுறேன், கேக்காம அடிக்கிறான்!" உதடு வீங்க வீங்க ரிஸ்வி கத்தினான்.

"விடு சொன்னா விட்டதுதானே!" சுனிலுக்கும் கோபம். "உதை விடு, குத்து விடு, எல்லாம் நீங்கதானே சொல்றது? நான் எப்படித் தெரியும் எந்த விடுன்னு?"

உண்மையைச் சொன்னால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. தமிழ் பேசி வளர்ந்த எனக்கே அன்றைக்குத்தான் அந்தச் சொல்லில் இருந்த ஆபத்து தெரிந்தது. ஆனால் நியாயத்தை விளங்கப்படுத்தும் நிலையில் யாரும் இல்லை. அன்றோடு இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பேசாத பின்வரிசையோடு நீங்கள் ஆடிப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆடவும் வேண்டாம். பந்து எங்கள் பக்கம் வரும். ரிஸ்வி என்னைக் கூப்பிடுவான்.

"யோகா, அவனுக்கிட்ட செல்லு, கொஞ்சம் இங்கால வரச் செல்லி."

சுனில் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பான்.

"யோகா, அவர்கிட்ட சொல்லு, நான் நிக்கிற இடம் எனக்குத் தெரியும்."

நான் நடுவில் நின்று இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் கொண்டுபோவதற்குள் பந்து எங்கள் மூன்று பேரையும் கடந்திருக்கும்.

பயிற்றுவிப்பாளர் இரண்டு ஆட்டம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு எங்களைக் கூட்டி வைத்து, இனிமேல் பின்வரிசையில் தமிழும் வேண்டாம், சிங்களமும் வேண்டாம், ஆங்கிலத்தில் மட்டும் கத்துங்கள் என்றார். மூன்றே சொற்கள். பந்தைத் தொடாதே, கோல் காப்பாளர் எடுப்பான் என்பதற்கு "லீவ்". அவசரம் இல்லை, எதிரி பக்கத்தில் இல்லை என்பதற்கு "டைம்". யோசிக்காமல் தூர அடி என்பதற்கு "அவே". இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகள்கூட இப்படித்தான் கத்துவார்களாம்.

முதல் நாள் பயிற்சியில் "டைம்!" என்று ரிஸ்வி கத்தியதும் மைதானத்தில் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். "லீவ்!" என்றதும் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் வலது பின்னாட்டக்காரன் ஆவலோடு திரும்பி, "யாருக்குங்கண்ணே லீவு?" என்று கேட்டான். ஆனால் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. ரிஸ்வியும் சுனிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஆங்கிலத்தில் கத்திக்கொண்டார்கள். வெற்றிகள் திரும்பி வந்தன.

கடைசி ஆட்டம் பலாபத்வலவில். ஏ-நைன் வீதியின் ஓரத்தில் இருந்த மைதானம். ஒரு மதில், அதற்கு அப்பால் பெரிய வீதி. எங்களுக்குச் சமநிலை போதும், மேலே போய்விடலாம். கண்டிப் பக்கத்திலிருந்து வந்த எதிரணிக்கு வென்றே ஆக வேண்டும்.

அவர்களுடைய முன்வரிசையில் குள்ளமாக, சுறுசுறுப்பாக, எப்போதும் சிரித்த முகமாக ஒருவன் இருந்தான். அவனும் என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஆட்டம் தொடங்குமுன் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னாங்கண்ணே, முழங்காலு எப்படி இருக்கு? ரொம்ப நொந்துக்காம பாத்து ஆடுங்க."

எவ்வளவு நல்ல பையன் என்று நினைத்தேன். என் முழங்கால் கதை இவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அவன் எங்கள் முந்தைய ஆட்டங்களை வந்து பார்த்திருக்கிறான். பார்த்தது மட்டுமில்லை, கேட்டுமிருக்கிறான்.

முதல் பாதி முடியப் போகிற நேரம். ஒரு பந்து சும்மா உருண்டு எங்கள் பக்கம் வந்தது. சுனில் அதை அடிக்கக் காலைத் தூக்கினான். எனக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது: "லீவ்!"

சுனில் காலை இறக்கினான். நானும் நின்றுவிட்டேன். ரிஸ்வி தன் கோட்டிலேயே நின்று, நாங்கள் ஏன் சிலைபோல நிற்கிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் நடுவால் அந்தச் சிரித்த முகம் போய், பந்தை மெதுவாகத் தட்டி உள்ளே விட்டது.

நான் மத்தியஸ்தரிடம் ஓடினேன். "சேர், லீவ்னு கத்துனது நாங்க இல்ல, அவன்!"

"யார் கத்தினது? நான் பார்க்கவில்லையே."

"சத்தத்த எப்படி சேர் பாக்குறது?"

மஞ்சள் அட்டை எனக்குத்தான் கிடைத்தது.

இடைவேளையில் நாங்கள் ஒதுங்கியது மைதானத்தின் மூலையில் இருந்த சாமான் அறை. உள்ளே புல் வெட்டும் இயந்திரத்தின் எண்ணெய் வாடை. பயிற்றுவிப்பாளர் உள்ளே வந்ததும் கத்தத் தொடங்கினார். கோபம் வந்தால் அவருடைய ஆங்கிலம் வேறு ஒரு நாட்டு ஆங்கிலமாக மாறிவிடும். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "முழங்கால்" என்பது மட்டும் விளங்கியது; அது என் தொழில் சொல். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கோச் சொல்றாரு," என்றேன், "முழங்காலே போனாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் நின்னு ஆடணுமாம்."

எல்லோரும் உணர்ச்சியோடு தலையாட்டினார்கள். அவர் உண்மையில் சொன்னது என்னவென்று பிறகொரு நாள் அவருடைய மனைவி நிதானமாக விளக்கினார். யோகாவின் முழங்கால் முடிந்துவிட்டது, தயவுசெய்து யாராவது அவனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுங்கள் என்பதுதான் அது. எல்லோரும் தலையாட்டியதைப் பார்த்து, ஏற்பாடு நடக்கிறது என்று நம்பி அவர் வெளியே போய்விட்டாராம். இரண்டாம் பாதியில் நான் நொண்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததும், இந்த ஊரில் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று மனைவியிடம் கேட்டாராம்.

அவர் வெளியே போனதுதான் தாமதம், ரிஸ்வி வெடித்தான். வழக்கம் போல என் ஊடாக.

"யோகா, அவனுக்கிட்ட கேளு, என்ட சத்தம் எது, மத்தவன்ட சத்தம் எது எண்டு தெரியாதா எண்டு. எவ்வளவு காலம் ஒண்டா ஆடுறோம்!"

"யோகா, அவர்கிட்ட சொல்லு, இங்கிலீசுல கத்தினா எல்லார் சத்தமும் ஒண்ணுதான்."

"அவனுக்கு என்ட சத்தம் எப்படி ஞாபகம் இருக்கும்? அவன்தான் இப்ப எதிர்க் கடையில கொத்துத் தின்னுற ஆளாச்சே!"

விஷயம் அதுதான். சண்டை வந்த நாளிலிருந்து சுனில் ரிஸ்வியின் கடைக்குப் போவதில்லை. பயிற்சி முடிந்ததும் வீதியைக் கடந்து எதிர்க் கடைக்குப் போய்விடுவான். ரிஸ்வி கல்லுக்கு முன்னால் நின்று கொத்து அடித்தபடியே அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். உதட்டு வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. வற்றாதது இது.

சுனில் முதல் தடவையாக நிலத்தைப் பார்த்தான். "அந்தக் கொத்து நல்லா இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். "அவர்கிட்ட சொல்லு. காஞ்சு போய் இருக்கு."

ரிஸ்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் காதெல்லாம் இந்தப் பக்கம்தான் இருந்தது.

எனக்கு அந்த நேரத்தில் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. விசில் ஊதப் போகிறார்கள், மூன்று ஆங்கிலச் சொற்களும் திருட்டுப் போய்விட்டன, தமிழில் கத்தினால் அந்தக் குள்ளனுக்கும் தமிழ் தெரியும், சிங்களமும் தெரியும். இந்த இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லாமல் விளங்கும் சொல் எது என்று மட்டும்தான் பார்த்தேன். அறையில் அப்போதுதான் கொத்து என்ற சொல் விழுந்து கிடந்தது.

"சரி, இங்க பாருங்க" என்றேன். "இனிமே அவேன்னு கத்தாதீங்க. தூர அடிக்கணும்னா கொத்துன்னு கத்துங்க. ரெண்டு கையாலயும் போட்டு அடிக்கிற மாதிரி."

"டைமுக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிளேன்டீ" என்றான் சுனில். "ஆறுதலா குடிக்கிறதுதானே."

"அப்ப கோல் காப்பாளருக்கு விடுறதுக்கு?"

சுவரைப் பார்த்தபடியே ரிஸ்வி சொன்னான்: "பார்சல். எனக்குக் கட்டி அனுப்பச் செல்லு."

இரண்டாம் பாதியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எங்கள் பின்வரிசையிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "கொத்து! கொத்து!" என்று ரிஸ்வி அலற, சுனில் அடித்த பந்து பாக்கு மரத்துக்கு மேலால் போனது. "பிளேன்டீ, சுனில், பிளேன்டீ!" என்று நான் கத்த, அவன் நிதானமாக நிமிர்ந்து பார்த்துப் பந்தை அனுப்பினான். கோட்டுக்கு வெளியே தேத்தண்ணி விற்றுக்கொண்டிருந்த மனிதர் என் சத்தத்தைக் கேட்டு ஒரு கோப்பையோடு உள்ளேயே வந்துவிட்டார். "யாருக்குத் தம்பி பிளேன்டீ?" என்று அவர் கேட்டதும் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. மத்தியஸ்தரே அதை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

எங்கள் கோல் ஒரு மூலை உதையில் வந்தது. எல்லோரும் என் தலைக்குத்தான் காவல் போட்டார்கள். பந்து என் தலைக்கு வரவில்லை. அது சுனிலின் முதுகில் பட்டு உள்ளே போனது. அவன் அந்த நேரம் எதிரியிடம் ஏதோ முறைப்பாடு சொல்லிக்கொண்டு திரும்பி நின்றான். சமநிலை.

கடைசி நிமிடங்கள். எதிரணி முழுவதும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. நடு மைதானத்திலிருந்து ஒருவன் நீளமாக ஒரு பந்தை அடித்தான். அது என் தலைக்கு மேலால், எங்கள் கோலை நோக்கிப் போனது. நான் திரும்பி ஓடினேன். ஓடினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. அந்த முழங்காலோடு நான் செய்ததற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். பக்கத்தில் அந்தக் குள்ளன் வருகிறான், மூச்சுச் சத்தம் கேட்கிறது. பந்து எனக்கு முன்னால் இறங்குகிறது.

"பார்சல்!"

இப்போது யோசித்துப் பாருங்கள். கத்தியது ரிஸ்வி என்றால் நான் ஒதுங்க வேண்டும். ஒதுங்காமல் அடித்தால் பந்து மறுபடியும் அவன் வாயில்தான் படும். அதன் பிறகு இந்த அணியில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். கத்தியது குள்ளன் என்றால் நான் ஒதுங்கிய அந்தக் கணமே ஆட்டம் முடிந்தது, பருவம் முடிந்தது, நானும் முடிந்தேன். ஒரு பாதி முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தவன் அவன். சனங்கள் போடும் கூச்சலில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை.

பந்திலிருந்து கண்ணை எடுக்காதே என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் கண்ணை எடுத்தேன். ரிஸ்வியின் வாயைப் பார்த்தேன்.

அது இறுக மூடியிருந்தது. பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றான்.

அடித்தேன். நல்ல காலா, நொந்த காலா என்று பார்க்கவில்லை. பந்து பக்கக் கோட்டைத் தாண்டி, மதிலைத் தாண்டி, வீதியில் போய்க்கொண்டிருந்த வெறும் மரக்கறி லொறி ஒன்றின் பெட்டிக்குள் விழுந்தது. லொறி நிற்கவில்லை. தம்புள்ளைப் பக்கமாகப் போயே போய்விட்டது. இன்னொரு பந்தைத் தேடி யாரோ சாமான் அறைப் பக்கம் ஓடினார்கள். மத்தியஸ்தர் மதிலைப் பார்த்தார், கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், விசிலை ஊதினார்.

நான் விழுந்த இடத்திலேயே கிடந்தேன். எழும்ப முடியாதது முழங்காலால் மட்டுமில்லை. யார் யாரோ என் மேல் வந்து விழுந்தார்கள். அவர்கள் எல்லோரும் போன பிறகு அந்தக் குள்ளன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். முகத்தில் சிரிப்பு அப்போதும் போகவில்லை, கொஞ்சம் கோணியிருந்தது.

"அண்ணே, ஒன்னு கேக்கட்டுங்களா? பார்சல்னா என்னாங்கண்ணே?"

"தெரியாமலா கத்துன?"

"தெரியாதுங்க. நீங்க எல்லாரும் கத்துனீங்க, நானும் கத்திப் பாத்தேன்."

அவன் அதற்குப் பதிலாக "கொத்து" என்று கத்தியிருந்தால் நான் யாருடைய வாயையும் பார்க்காமல் அடித்திருப்பேன். எங்கள் மூன்று சொற்களில் எங்களைக் கவிழ்க்கக்கூடிய ஒரே சொல்லை அவன் குருட்டாம்போக்கில் பிடித்திருக்கிறான். அவனுக்கு நான் விளக்கம் சொல்லவில்லை. எப்போதாவது மறுபடி எங்களுக்கு எதிராக ஆட வரக்கூடியவன்.

பயிற்றுவிப்பாளர் என்னிடம் வந்து, தன் பெரிய கையை என் தலையில் வைத்து ஏதோ சொன்னார். "முழங்கால்" என்ற சொல் அதில் மறுபடியும் இருந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. பின்னாலேயே அவருடைய மனைவி வந்தார், இரண்டு கையிலும் பெரிய பெரிய கடதாசிப் பைகள். இரண்டாம் பாதி முழுக்கப் பிள்ளைகள் கொத்து, பிளேன்டீ, பார்சல் என்று கதறியதைக் கேட்டு, நாங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் பயந்துபோய் மனைவியைக் கடைக்கு அனுப்பியிருக்கிறார். சுடச்சுட ரோல்ஸ். தன் நாட்டில் இவ்வளவு பசியோடு இவ்வளவு நன்றாக ஆடிய அணியைத் தான் கண்டதில்லை என்றாராம்.

மாத்தளைக்கு வேனில் திரும்பினோம். பின் இருக்கையில் நான் நடுவில், முழங்காலில் ஈரத் துவாய். ஒரு பக்கம் ரிஸ்வி, மறு பக்கம் சுனில். பயிற்றுவிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எந்தப் பாஷையிலும் சேராத ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கை தட்டினார்கள். இந்த இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மேல்பிரிவுக்குப் போன பிறகும் இப்படியா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

டவுனுக்குள் நுழையும்போது ரிஸ்வி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்: "கடைசிப் பந்து. அது என்ட பந்து. நான் வந்து எடுத்திருப்பேன்."

எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சுனில் என் மேலால் சாய்ந்தான்.

"பொய்! நீ கோட்டுல ஒட்டிக்கிட்டு நின்னது. நான் பாத்தது."

"நீ எங்க பாத்த? நீ அந்தப் பக்கம் எருமை மாதிரி நிண்டுக்கிட்டு இருந்த!"

"எருமைதான் கோல் அடிச்சது!"

"முதுகால! முதுகால அடிச்சிட்டுப் பேசுறான்!"

கடை வாசலில் வேன் நிற்கும் வரை அவர்கள் நிறுத்தவில்லை. என் மேல் சாய்ந்து, என் மடியில் கை ஊன்றி, நொந்த முழங்காலைப் பலகை போலத் தட்டித் தட்டிச் சண்டை போட்டார்கள். யாரும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. இறங்கியதும் சுனில் எதிர்க் கடைப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தான். ரிஸ்வி ஆட்டச் சட்டையோடேயே போய்த் தகடுகளை எடுத்தான். உள்ளே போன பிறகும் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

உங்கள் பின்வரிசையில் அப்படிச் சத்தம் கேட்டால் நடுவே போய்ச் சமாதானம் செய்யாதீர்கள். நான் செய்யவில்லை. அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வேனை விட்டு இறங்க உதவி கேட்டு முன்னால் இருந்த பயிற்றுவிப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கடைக்குள் கேட்ட சத்தத்தைக் கவலையோடு கவனித்தார். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "வெரி குட் ஃபோர் ஹெல்த், சேர்."